பதினோரு விநாடி இருட்டு

செத்தவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்தவள் பிலோமினாதான். செத்தவர்கள் ஓட்டுப் போடுவது நம் ஊருக்கு ஒன்றும் புதிதல்ல. எதற்குப் போட்டோம், ஏன் போட்டோம் என்று அவர்களே வாய் திறந்து சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவை.

விஷயம் ஒரு ரயிலைப் பற்றியது. நிஜ ரயில் அல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில், சவுக்குத் தோப்புகளைத் தாண்டி இருக்கிற ‘அற்புதத் தீவு’ கேளிக்கைப் பூங்காவில் முப்பத்தெட்டு வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கும் பூதக்குகை ரயில். நான்கு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர். குகைக்குள் ஏழு அறைகள். மூன்றாவது அறையில் பன்னிரண்டு அடி உயரத்துக்கு ஒரு பூதம் நிற்கும். ரயில் நெருங்கும்போது கதாயுதத்தைத் தூக்கும். தூக்கிய கையோடு ‘ஹச்’ என்று ஒரு சத்தம் வரும், மின்சாரம் போகும், ரயில் நின்றுவிடும். கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. பதினோரு விநாடி கழித்து விளக்கு வரும், ரயிலும் நகரும்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. பூதத்தின் கையைத் தூக்கும் காற்றுக்குழாயில் திறப்பு விழா அன்றே வந்த கோளாறு அது. சரிசெய்யப் பார்த்தார்கள், முடியவில்லை, விட்டுவிட்டார்கள். ஜனங்களுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. பூதத்துக்கு ஜலதோஷம் என்று சிரித்தார்கள், தும்மலைக் கேட்பதற்கென்றே திரும்பத் திரும்ப வந்தார்கள். நம் ஆட்களுக்கு ஒன்று பிடித்துவிட்டால் மன்றம் வைக்காமல் இருக்க முடியுமா? பூதக்குகை ரசிகர் மன்றம் பிறந்தது. ஆண்டு விழாவுக்குப் பூதத்துக்கு வடைமாலை சாத்தினார்கள். கூரையில் தொங்குகிற பொய்ப் பாறைகள் நாற்பத்து மூன்றா நாற்பத்து நான்கா என்று சண்டை போட்டு இரண்டு பேர் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த இருட்டில் ஆளுக்கு ஒரு வார்த்தை உரக்கச் சொல்வது என்ற வழக்கம் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. முதலில் எல்லாம் விளையாட்டுதான். காதலிக்கிற பெண்ணின் பெயர், பெயிலான பாடத்தின் பெயர், மேலதிகாரிக்கு ஒரு வசவு. போகப் போக வேறு வார்த்தைகள் வரத் தொடங்கின. எனக்குக் கட்டி இருக்கிறது என்றது ஒரு குரல். நான் தினமும் குடிக்கிறேன் என்றது ஒரு குரல். விளக்கு வந்ததும் எல்லோரும் நேராகப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மன்றம் அதற்கு விதியே எழுதி உறுப்பினர் அட்டையின் பின்பக்கம் அச்சடித்தது. உள்ளே கேட்டதை வெளியே பேசக்கூடாது. சொன்னவரிடமே கூடப் பேசக்கூடாது.

அந்த இரண்டு வரியை எழுதியவள் மன்றச் செயலாளர் பிலோமினா. வயது அறுபத்தொன்று. பரங்கிமலையில் வீடு, அரசு மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாதத்தின் முதல் சனிக்கிழமை தோறும் நாத்தனார் ரெஜினாவுடன் இரண்டாவது பெட்டியில் ஏறுவாள். ரெஜினா போய் மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் பிலோமினா ஏறாமல் இல்லை. பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துக்கொள்வாள்.

இப்போது நிர்வாகம் தண்டவாளத்தை மாற்ற வேண்டும் என்றது. புது வண்டி, புதுப் பூதம். சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறுகிற மாதிரி தாழ்வான பெட்டி. ஆனால் அப்படிப்பட்ட வண்டி இருட்டில் நிற்கவே கூடாது என்பது அரசாங்கத்தின் பாதுகாப்பு விதி. எனவே பதினோரு விநாடி போய்விடும். சில வருடங்களுக்கு முன்னால் ராட்சத ஊஞ்சலுக்கு யாரையும் கேட்காமல் புதுச் சாயம் பூசிய பாவத்துக்கு நிர்வாகம் ஆறு மாதம் போராட்டத்தைச் சந்தித்திருந்தது. அந்தச் சூடு ஆறவில்லை. தங்க அட்டை உறுப்பினர்கள் ஓட்டுப் போடட்டும், அவர்கள் சொல்வதே முடிவு, சமமாக வந்தால் பழையபடியே விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

பூங்காவின் உணவுக்கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூட்டம் நடந்தது. தலைவர் புருஷோத்தமன் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. கூட்டத்தை அடக்க இன்னமும் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அன்றைக்கு அதற்கு ஓய்வே இல்லை.

“சீட்டு இடுப்பை ஒடிக்குது சார். அழகா மாத்தித் தரேங்கறான். ஏன் குறுக்க நிக்கறீங்க?” என்றார் ஒருவர்.

“இடுப்பு வலிக்கறவங்க சோபாவுல உட்காரலாம். இங்க என்ன வேலை?” என்றாள் பின்வரிசையில் ஒரு பெண்.

“புது பூதம் குழந்தைங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுமாம்!”

“பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்கு அது பூதமா, பள்ளிக்கூட வாத்தியாரா?”

விசில். சிரிப்பு அடங்கியதும் ஜமாலுதீன் எழுந்தார். ஆலந்தூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். சுவரோரம் சக்கர நாற்காலியில் இருந்த அவருடைய மகள் அஃப்ரீன், அப்பா எழுவார் என்று எதிர்பார்க்காதவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் அதிகம் பேசலை. என் பொண்ணுக்குப் பத்தொம்பது வயசு. நானும் வீட்டுக்காரியும் மாத்தி மாத்தி உள்ள போயிட்டு வர்றோம். அவ பதினாலு வருஷமா வாசல்லயே உட்காந்திருக்கா. உள்ள என்ன நடக்கும்னு நாங்க சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இருட்டைப் பத்தி எப்படிக்கா சொல்றது? உங்க பதினோரு விநாடிக்காக அவ இன்னும் எத்தனை வருஷம் வெளியிலயே இருக்கணும்?”

கேள்வி பிலோமினாவை நோக்கித்தான் வந்தது. அவள் எழுந்தாள்.

“தம்பி, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா அந்த இருட்டு போச்சுன்னா அது பூதக்குகையே இல்ல. அங்க எத்தனை பேர் மனசுல இருந்ததை இறக்கி வச்சிருக்காங்க! அஃப்ரீனுக்கு வேற நல்ல ரைடா கேட்டு வாங்குவோம். முதல் கையெழுத்து நானே போடறேன்.”

கைதட்டல் கிடைத்தது. அவள் அஃப்ரீன் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

ஓட்டு எண்ணிக்கையில் உயிரோடு இருப்பவர்கள் காலை வாரிவிட்டார்கள். பழையபடி இருக்கட்டும் என்றவர்கள் தொண்ணூற்று ஆறு பேர், மாற்றலாம் என்றவர்கள் நூற்று நான்கு. பிலோமினா இதை ஒரு மாதம் முன்பே மோப்பம் பிடித்திருந்தாள். அதனால்தான் செத்தவர்களைத் துணைக்கு அழைத்தாள்.

பதினைந்து வருடமாகத் தங்க அட்டைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் பூங்காவின் கணினியில் ஒரு நிழல் உண்டு. ரயிலில் பிடித்துக்கொள்கிற கம்பி அவர்களுடைய நாடித் துடிப்பைக் குறித்துக்கொள்ளும், வரிசையில் நிற்கும்போது பேசுவதைக் கேட்டுக்கொள்ளும், மன்றத்தின் பக்கத்தில் எழுதுவதைப் படித்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து, அந்த ஆள் ஒரு விஷயத்துக்கு என்ன சொல்வார் என்று அவர் மாதிரியே சொல்லும். எதை மாற்றினால் யார் கோபிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள நிர்வாகம் செய்த ஏற்பாடு. ஆள் போன பிறகும் நிழல் இருந்தது. அப்படி முப்பத்தொரு பேர்.

“மன்றத்துக்காக ஓடாத் தேஞ்சவங்க. அவங்க பேச்சைக் கேட்காம முடிவெடுக்கறது நியாயமா?” என்று அவள் கேட்டபோது நிர்வாகத்தால் மறுக்க முடியவில்லை. ஒரே நிபந்தனை வைத்தார்கள். ஒவ்வொரு நிழலின் ஓட்டையும் காரணத்தையும் நெருங்கிய உறவினர் கேட்டு, ‘ஆமாம், இது அவர் பேச்சுத்தான்’ என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஓட்டுத் தள்ளுபடி.

பூங்காவின் பொறியாளர் மகிழினி ஒவ்வொன்றாகப் படித்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், அடிக்கடி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்ளும் பெண். சைதாப்பேட்டை கோதண்டத்தின் நிழல், ‘என் பெண்டாட்டியிடம் உண்மை சொன்ன ஒரே இடம் அது, தொடாதே’ என்றது. அவர் மனைவி அழுதுகொண்டே தலையாட்டினாள். பல்லாவரம் டீச்சர் ஒருத்தியின் நிழல், ‘மாற்றித் தொலையுங்கள், இருட்டில் எனக்கு எப்போதும் பயம்தான், சொன்னால் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை’ என்றது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் தம்பி, “அக்காதான்” என்றார்.

முப்பது பேர் முடிந்தபோது பழையபடிக்குப் பத்தொன்பது, மாற்றத்துக்குப் பதினொன்று. உயிரோடு இருப்பவர்களையும் சேர்த்துக் கூட்டினால் இரண்டு பக்கமும் நூற்றுப் பதினைந்து.

மிச்சம் ஒரே ஓட்டு. ரெஜினா.

பிலோமினா மூச்சை விட்டாள். ரெஜினா எந்தப் பக்கம் என்று கேட்கவா வேண்டும்! பதினாறு வருடம் ஒரு மாதம் தவறாமல் வந்தவள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள், கால் கட்டோடு வந்திருக்கிறாள். புருஷோத்தமன் விசிலைக் கையில் எடுத்துத் தயாராகவே வைத்துக்கொண்டார்.

மகிழினி திரையைப் பார்த்தாள், பிலோமினாவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்துப் படித்தாள்.

“ரெஜினா சவரிமுத்து. ஓட்டு, மாற்றத்துக்கு. காரணம், சொல்ல விருப்பமில்லை.”

 எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“மெஷின் ஓட்டு!” “காரணமே இல்லாம என்ன ஓட்டு?” “முப்பது பேரும் காரணம் சொல்லலையா?”

புருஷோத்தமன் பிலோமினாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். “பதறாதீங்கம்மா. இது கோளாறு. நீங்க போய் ஒரு தடவை கேட்டுட்டு வந்து, ‘இது எங்க ரெஜினா இல்ல’ன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. ஓட்டுத் தள்ளிப்போயிடும். சமம். நம்ம குகை நம்மகிட்டயே இருக்கும்.”

உணவுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. குளிர்சாதனம் அளவுக்கு மீறி ஓடிக்கொண்டிருந்தது. மேசை மேல் ஒரு ஒலிபெருக்கி, எதிரே இரண்டு நாற்காலி. பிலோமினா உட்காராமல் நின்றாள்.

“மகிழினி, இது தப்பாச் சொல்ல வாய்ப்பிருக்கா?”

“எதுவும் தப்பாகலாம் ஆன்ட்டி. ஆனா இவங்களோடது ரொம்ப நாள் பதிவு. நூத்து நாப்பத்து நாலு பயணம். இவ்வளவு யாருக்குமே இல்ல.”

“அவ பேசவே மாட்டாளே! இருட்டுல ஒரு தடவைகூட அவ வாயைத் திறந்ததில்ல.”

“ஆமா. பேசினதில்ல.” மகிழினி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கேட்டிருக்காங்க.”



“இருட்டுல கரண்ட் போயிடுமே. கம்பியும்தானே செத்துப்போகும்?”

“கம்பியிலயே ஒரு மைக்கும் தனி பேட்டரியும் இருக்கு ஆன்ட்டி. அது எப்பவும் ஓடும். அட்டை வாங்கறப்ப கையெழுத்துப் போட்ட காகிதத்துல அது இருக்கு. யாரும் படிச்சிருக்க மாட்டீங்க.” அவள் குரல் தணிந்தது. “மனுஷங்க யாரும் கேட்கலை. நானும் கேட்டதில்ல, கேட்கவும் கூடாது. நிழலுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனாலும் தப்புதான். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே நடந்த தப்பு. அதுக்காக என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

பிலோமினா நாற்காலியில் உட்கார்ந்தாள். 

முப்பத்து மூன்று வருடத்துக்கு முன்னால், வீட்டில் கம்பித் தொலைபேசி இருந்த காலத்தின் கடைசியில், ஒரு மத்தியானம் மணி அடித்தது. பேசியது தூத்துக்குடிப் பெண். ரெஜினாவைப் பார்த்துவிட்டுப் போன பீட்டர் என்ற ஆசிரியரின் அக்கா. தம்பிக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, பெண்ணின் வாயாலேயே சம்மதம் கேட்க ஆசைப்படுகிறான், ரெஜினாவிடம் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். ரெஜினா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிலோமினாவின் மகனுக்கு அப்போது ஆறு மாதம். மாமியார் வாதம் வந்து படுத்த படுக்கை. பிலோமினாவுக்கு மாறி மாறி வரும் ஷிப்ட். ரெஜினா போய்விட்டால் அந்த வீட்டை யார் பார்ப்பது? அவள் யோசித்துச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. “அவளுக்கு இஷ்டமில்லைங்க.” ரெஜினா ஈரக் கையோடு வந்து யார் என்று கேட்டபோது, “தூத்துக்குடிக்காரங்க. வேண்டாம்னுட்டாங்க” என்றாள்.

ரெஜினாவுக்கு அப்போது இருபத்தேழு. அதற்கப்புறம் எதுவும் அமையவில்லை. அண்ணன் மகனை வளர்த்தாள், படுக்கையில் கிடந்த அம்மாவை அடக்கம் செய்தாள், பள்ளிச் சீருடை தைத்தாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பூதம் தும்மி விளக்குப் போனதும், பிலோமினா அதைச் சொல்லிவிட்டாள். ‘தூத்துக்குடிக்காரங்க வேண்டாம்னு சொல்லல. உனக்கு இஷ்டமில்லைன்னு நான்தான் சொன்னேன்.’ விளக்கு வந்தது. ரெஜினா நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “டீ குடிக்கலாமா அண்ணி?”

மறுமாதம்தான் பிலோமினா மன்றத்துக்கு அந்த விதியை எழுதினாள். எல்லோருடைய ரகசியத்தையும் காப்பாற்றத்தான் என்று சொன்னாள். பாதி உண்மை. ரெஜினா ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம் மீதி. அப்புறம் மாதா மாதம் அதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு லேசாக வீடு திரும்புவாள். ரெஜினா எப்படித் திரும்பினாள் என்று அவள் பார்த்ததில்லை.

“நான் வெளியில இருக்கேன் ஆன்ட்டி,” என்று மகிழினி பொத்தானை அழுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

“அண்ணி, வந்துட்டீங்களா?” என்றது ஒலிபெருக்கி. “வெயில்ல பஸ்லயா வந்தீங்க? குடை எடுத்துட்டு வந்தீங்களா?”

அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பிலோமினா உட்கார்ந்திருந்தாள். குரலைக் கேட்டதும் அந்த முடிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

“எடுத்துட்டு வந்தேன் ரெஜி.”

“சரி.”

“குகையை மாத்தணும்னு போட்டிருக்கியாமே?”

“ஆமா அண்ணி.”

“ஏன்?”



“அது உள்ள கேட்டது அண்ணி. வெளியில பேசக்கூடாதுல்ல.”

“இங்க யாரும் இல்ல. நாம ரெண்டு பேர்தான்.”

“சொன்னவங்ககிட்டகூடப் பேசக்கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க.” குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ரெஜினாவின் குரலில் எந்தக் காலத்திலும் அது இருந்ததில்லை. “விடுங்க அண்ணி. கூட்டம் காத்துக்கிட்டிருக்கும். போங்க.”

பிலோமினா கதவைத் திறந்து வந்தாள்.  கூடத்துக்குள் நுழைந்ததும் இருநூறு முகங்கள் திரும்பின. தொண்ணூற்று ஆறு பேரின் முகத்திலும் அவள் சொல்லப்போவது ஏற்கெனவே எழுதியிருந்தது. ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் புருஷோத்தமன், “சொல்லுங்கம்மா, இல்லைன்னு சொல்லுங்க,” என்று மெல்லிய குரலில் எடுத்துக் கொடுத்தார்.

சொல்லிவிடலாம். எவ்வளவு சுலபம்! குகை நிற்கும், இருட்டு நிற்கும், அடுத்த முதல் சனிக்கிழமை கைப்பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காரலாம். ஒரே ஒரு வாக்கியம். ரெஜினாவுக்குப் பதிலாக அவள் விருப்பத்தை இன்னொரு தடவை பிலோமினா சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். போன தடவையும் ஒரே வாக்கியம்தான்.

“இது ரெஜினாதான்,” என்றாள்.

விசில் ஊதவும் புருஷோத்தமனுக்குத் தோன்றவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ, “காரணமே சொல்லாதது எப்படி ரெஜினா ஆகும்? எப்படித் தெரியும் உங்களுக்கு?” என்று கத்தினார்கள்.

“காரணம் சொல்லாததாலதான் தெரியும்.”

அப்புறம் சொன்னாள். தொலைபேசி மணி அடித்ததிலிருந்து சொன்னாள். கூடத்தின் குழல்விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடிச் சுவர் வழியாக மூன்று மணி வெயில் அவள் முகத்திலேயே விழுந்தது. எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல் சுவரோரம் இருந்த அஃப்ரீனைப் பார்த்துப் பேசினாள். அந்தப் பெண் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. இடையில் இரண்டு முறை பிலோமினாவின் குரல் உடைந்தது, தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. “விதியை எழுதினவ நான். அவ பதில் சொல்லக்கூடாதுன்னுதான் எழுதினேன். செத்த பிறகும் அவ அதை மீறல,” என்று முடித்தாள்.

 எல்லோரும் நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தொன்பது வருடப் பழக்கம். பிலோமினாவுக்கு அது தாங்கவில்லை.

“இது குகை இல்ல. இங்க விதி கிடையாது. கேட்கறதைக் கேளுங்க.”

கோதண்டத்தின் மனைவிதான் கேட்டாள். “அந்த வாத்தியார் என்ன ஆனார்?”

“அடுத்த வருஷமே கல்யாணம் பண்ணிக்கிட்டார். ரெண்டு பிள்ளைங்க.”

“ரெஜினாவுக்கு அவரைப் பிடிச்சிருந்ததா?”

பிலோமினா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. “தெரியலம்மா,” என்றாள். “நான் கேட்டதே இல்ல.”

நூற்றுப் பதினாறுக்கு நூற்றுப் பதினைந்து என்று மகிழினி அறிவித்தபோது கைதட்டலும் இல்லை, கூச்சலும் இல்லை. ஜனங்கள் நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டுக் கலைந்தார்கள். புருஷோத்தமன் அவளைக் கடந்து போகும்போது நின்றார், என்னவோ சொல்ல நினைத்தார், சொல்லாமல் போய்விட்டார். அந்த இருட்டில் அவர் எதைச் சொல்லி வந்தாரோ, அதைச் சொல்ல அவருக்கும் இனி இடமில்லை.

“ஆன்ட்டி.” மகிழினி அருகில் வந்து நின்றாள். “நீங்க வெளியில சொல்லிட்டீங்க. இனி அவங்களுக்கும் விதி கிடையாது. கேட்கறீங்களா? ஓட்டு முடிஞ்சதும் செத்தவங்க நிழலை எல்லாம் அழிச்சுடறதா ஒப்பந்தம். சாயங்காலத்துக்குள்ள அழிக்கணும்.”

பிலோமினா மறுபடியும் அந்தக் குளிர் அறைக்குப் போனாள்.

“ரெஜி, சொல்லிட்டேன். எல்லார் முன்னாடியும். வெளிச்சத்துல.”

“கேட்டேன் அண்ணி. கூடத்து மைக் இங்கேயும் வருது.”

“அப்ப சொல்லு. என்னை மன்னிச்சியா?”

 வந்த பதில் ரெஜினாவின் குரலாகவே இருந்தும் ரெஜினா பேசுவதைப் போல இல்லை. யாரோ பொறுப்பான ஒரு ஆள், தெரிந்ததை மட்டும் சொல்வதைப் போல இருந்தது.

“எனக்குத் தெரியாது அண்ணி. அவ எங்கேயும் அதைச் சொல்லல. வரிசையில சொல்லல, எழுதல, தூக்கத்துல வண்டியில சாஞ்சப்பகூட உளறல. எங்கிட்ட இருக்கறது அவ சொன்னதும் செஞ்சதும் மட்டும்தான். சொல்லாததை நான் சொன்னா அது பொய்யாயிடும். ஒண்ணு மட்டும் இருக்கு. சொல்லவா?”

“சொல்லு.”

“நீங்க இருட்டுல பேசி முடிக்கறதுக்கு ஏழெட்டு விநாடி ஆகும். ஒவ்வொரு தடவையும். அதுக்கப்புறம் அவ கம்பியை இறுக்கிப் பிடிப்பா. பத்தாவது விநாடியில மூச்சை உள்ள இழுப்பா, பேசப்போற மாதிரி. அதுக்குள்ள லைட் வந்துடும். மூச்சை விட்டுடுவா. நூத்து நாப்பத்து நாலு தடவையும் அப்படித்தான். வெளியில வந்ததும் டீ குடிக்கலாமான்னு கேட்பா.”

“என்ன சொல்ல வந்தா?”

“அது பதிவாகல அண்ணி.”

பிலோமினா மேசை மேல் கையை ஊன்றியபடி இருந்தாள். அழுகை வந்தது, அதை அடக்கவும் இல்லை. ஒலிபெருக்கி அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, “குடையை மறந்துடாதீங்க,” என்றது. அதற்கப்புறம் மகிழினி வந்து பொத்தானை அழுத்தினாள்.

வெளியே பூதக்குகையின் வாசலில் கடைசி வண்டிக்கான வரிசை நின்றது. புது வேலை தொடங்கும்வரை பழைய ரயில் இன்னும் இரண்டு வாரம் ஓடும். வாசல் பூதத்தின் காலடியில், எப்போதும் இருக்கிற இடத்தில், அஃப்ரீனின் நாற்காலி. ஜமாலுதீன் டீ வாங்கப் போயிருந்தார்.

பிலோமினா அவள் பக்கத்தில் இருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள்.  குகைக்குள்ளிருந்து ‘ஹச்’ என்று சத்தம் கேட்டது. ரயிலின் கடகடப்பு நின்றது.

“ஆன்ட்டி,” என்றாள் அஃப்ரீன். “புது ரயில் வந்தா எல்லாம் பார்த்துடுவேன். இதை மட்டும் பார்க்க முடியாது. உள்ள அந்த இருட்டு எப்படி இருக்கும்? அப்பாவைக் கேட்டா, ரொம்பப் பெரிசுங்கறார்.”

உள்ளே ரயில் மறுபடி நகர்கிற சத்தம் வந்தது.

“சின்னதுதாம்மா,” என்றாள் பிலோமினா. “எதுக்கும் பத்தாது.”